குச்சிக்கிழங்கு எந்தக் குடும்பம்?

ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் பலரும் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் ஒரே இனமாகத்தான் நினைக்கிறார்கள். இரண்டும் மண்ணுக்கடியில் விளைகின்றன, இரண்டும் வள்ளி. வேறென்ன வேண்டும்? பள்ளியில் கிழங்குகளின் பெயரை வரிசையாக எழுதும் பிள்ளையும் அப்படியே நம்புகிறது.

இது ஆட்டைப் பறிகொடுக்க வைக்கிற தவறு. சர்க்கரைவள்ளிக் கொடியை அறுத்துப் போட்டால் ஆடு, மாடுகளுக்கு நல்ல தீவனம். அதே நினைப்பில் மரவள்ளிக் காட்டுக்குள் ஆட்டை விட்டால், மேய்ந்த பச்சை இலையிலிருந்து சயனைடு வெளிப்பட்டு, ஆடு மூச்சுத் திணறி விழும். பழகிய பண்ணையக்காரருக்கு இது தெரியும். புதிதாக நாலு ஆடு வாங்கியவருக்கு யார் சொல்வது?

மரவள்ளியின் சொந்தம் ஆமணக்கு. ஏத்தாப்பூரில் இந்த இரண்டு பயிர்களுக்கும் சேர்த்தே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரவள்ளிக் காயை உடைத்தால் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. ஆமணக்கிலும் அதே கணக்குதான். விதையைக் கையில் எடுத்தால் புள்ளி விழுந்த தோல், நுனியில் சின்னக் குமிழ். ஆமணக்கு முத்தைச் சிறிதாக்கி வைத்தது போல இருக்கும். ரப்பர் மரமும் இந்தக் குடும்பம்தான்.

சர்க்கரைவள்ளியின் உறவு ஏரிக்கரையில் நிற்கிறது. ஊதாப் புனல் போலப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அதுவும் ஒரே பேரினம். பெயரில் ஆமணக்கு, பிறப்பில் சர்க்கரைவள்ளிக்குப் பங்காளி! உறவு தெரிந்தால் நஞ்சும் தெரிந்துவிடும் என்பதும் இல்லை. இந்தக் காட்டாமணக்கைத் தின்றாலும் கால்நடைக்கு ஆபத்துதான்.

சமையலறைக்குக் கிழங்கு என்ற ஒரு சொல் போதும். பாடப் புத்தகத்துக்கும் காட்டுக்கும் போதாது. அங்கே பூவையும் காயையும் காட்டித்தான் இனம் சொல்ல வேண்டும்.

இனம் பிரிப்பதில் பிழை வந்தால் என்ன ஆகும் என்பதை மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சியே காட்டியது. ஆப்பிரிக்காவில் அது பயிரை அழித்தபோது, தென் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் முதலில் அதே சாயலில் இருந்த வேறொரு மாவுப்பூச்சியைப் பிடித்தார்கள். அதன் எதிரிப் பூச்சிகளை அனுப்பியும் பலனில்லை. 1981-ல் பராகுவேயில்தான் சரியான இனமும் அதை அழிக்கும் குட்டிக் குளவியும் கிடைத்தன. 2020-ல் அந்த மாவுப்பூச்சி இந்தியாவில் தென்பட்டது. சேலம், நாமக்கல் காடுகளையும் பிடித்தது. அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் பறக்கவிட்டார்கள்.