குரல் மட்டும் போதுமா, பேராசிரியர்களே?

ஒலிபரப்பு படிக்கும் மாணவர்களுக்குக் குரலும் உச்சரிப்பும் போதுமாம். டிஜிட்டல் ஊடகம் அவர்களே கைபேசியில் பழகிக்கொள்ளும் வித்தையாம். அதைப் பாடமாக வைத்தால் தரம் கெட்டுவிடுமாம். இப்படி வாதிடும் பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குரல் போதுமென்றால் பிபிசி தமிழோசைக்கு என்ன குறை? 1941-இல் தொடங்கிய அந்தச் சேவையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. வாசித்தவர்களின் உச்சரிப்பு பிசகியதாலா? சிற்றலையைத் திருப்பும் கைகள் குறைந்ததால். செய்தி இணையத்துக்குப் போனது. இணைய வேலை தெரிந்தவர்கள் கூடவே போனார்கள்.

தொலைக்காட்சி இருக்கிறதே என்பீர்கள். 2022-இல் நடந்த ஏலத்தில், ஐந்து ஆண்டு ஐபிஎல் ஆட்டங்களுக்கான இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. இந்தியாவுக்கான டிஜிட்டல் உரிமைகள் சேர்ந்து அதையும் தாண்டின. பணம் போட்டவர்களுக்குத் தெரிந்தது பாடம் நடத்துபவர்களுக்குத் தெரியவில்லை.

"தானே பழகிக்கொள்வார்கள்" என்பது அடுத்த வாதம். ரேடியோ கேட்பவரெல்லாம் தானாகவே அறிவிப்பாளர் ஆகிவிடுவாரா? அப்படியானால் உங்கள் துறையையே இழுத்து மூடிவிடலாமே! நிலையத்தில் பாட்டு ஒலிபரப்ப வாங்கிய உரிமம், அதே நிகழ்ச்சியை யூடியூபில் ஏற்றும்போது தானாகச் செல்லாது. 90 நாளுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே பறிபோகலாம். வானொலியில் தவறாக வாசித்ததை அடுத்த செய்தியறிக்கையில் திருத்தலாம். இணையத்திலோ அந்தத் தவறு மட்டும் துண்டாக வெட்டப்பட்டு, தேதியில்லாமல், வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்கில் சுற்றும். நேயர் எந்த நிமிடத்தில் விலகிப் போனார் என்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு அடிமையாகாமலும் இருக்கத் தெரிய வேண்டும். இதையெல்லாம் ரீல்ஸ் பார்த்து எந்த மாணவர் கற்றார்?

மிஞ்சுவது தரம் பற்றிய புலம்பல். உச்சரிப்பும் சரிபார்ப்பும் பழகிய மாணவர்களை டிஜிட்டல் பக்கம் போகாமல் தடுப்பதும் நீங்கள்தான். அங்கே தரமில்லை என்று அங்கலாய்ப்பதும் நீங்கள்தான்.

ஒன்று செய்யுங்கள். அடுத்த கல்வியாண்டில் உங்கள் துறையின் மாணவர் சேர்க்கை அறிவிப்பை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். சிற்றலையில் மட்டும் வாசியுங்கள். எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு பாடத்திட்டம் பற்றிப் பேச வாருங்கள்.