முதலில் தண்ணீர், அப்புறம்தான் மீன்

கடல் மீன் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கிற கடையில் எதையும் வாங்காதீர்கள். நான் ஏமாந்தவன் என்பதால் சொல்கிறேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திவிட்டு ஏமாந்தேன் என்பது கூடுதல் வெட்கம்.

பேரன் கோடை விடுமுறைக்கு வள்ளியூர் வந்திருந்தான். 'ஃபைண்டிங் நீமோ' பார்த்ததிலிருந்து, "தாத்தா, நீமோ வாங்குவோம்" என்று ஒரே பிடிவாதம். வெளியூர்க் கடை ஒன்றில் இரண்டடித் தொட்டி, மோட்டார், விளக்கு, ஒரு பொட்டலம் உப்பு, இரண்டு கோமாளி மீன் வாங்கினோம். "இன்னைக்கே விடலாமா?" என்று கேட்டேன். "தாராளமா விடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். மூன்றாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் மற்றது. பேரன் அழவில்லை. "தண்ணி சரியில்லையா தாத்தா?" என்று மட்டும் கேட்டான்.

சரியில்லைதான். மீனின் கழிவில் அமோனியா வருகிறது. கடலில் அது கரைந்து போகும். இரண்டடித் தொட்டியில் எங்கே போகும்? ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். அவை கல்லிலும் மணலிலும் பில்டரிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமலே, சுத்தமான அம்மோனியம் குளோரைடு துளி போட்டு அவற்றை வளர்க்க வேண்டும். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே நவச்சாரம், அதே சரக்குதான். ஆனால் ஆய்வகத்துக்கு வாங்குகிற தரம் வேண்டும். சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால்தான் மீன். இதைச் சொன்னால் அன்றைக்கு வியாபாரம் நடக்காது. அதனால் சொல்வதில்லை.

"தூத்துக்குடி உப்பு பக்கத்திலேயே கிடைக்க, டப்பா உப்புக்கு எதுக்குவே காசு?" என்றார் நண்பர் ஒருவர். உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக முன்பே படிந்துவிடும். உப்பை வாரிய பின் மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரைத் திறந்துவிடுவார்கள். மிஞ்சுவது ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டும். குழம்புக்கு அது போதும், கடலுக்குப் போதாது. தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பில் லிட்டருக்கு 35 கிராம், 200 லிட்டருக்கு 7 கிலோ. அதைக் கரைக்க நம் ஊர் போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர் பிடியுங்கள். ஆவியாகிக் குறைகிற அளவுக்கு வெறும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர்தானே போகிறது, உப்பு அங்கேயே கிடக்கிறது. நான் மறுபடியும் உப்புத் தண்ணீரையே ஊற்றினேன்!

"முதல் தடவைதானே, சின்னத் தொட்டி போதும்" என்பது அடுத்த பொய். கொஞ்சத் தண்ணீரில் தவறு சீக்கிரம் விஷமாகும். என் கணக்கில் 200 லிட்டருக்குக் குறைந்தால் வாங்கவே வேண்டாம். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்பு ஒன்றும் வேண்டும்.

எனக்கு உண்மையான கோபம் வேறு. மீன் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிப்பதும் உண்டு. கோமாளி மீனுக்கு அந்த அவசியமே இல்லை. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டார்கள். பொரிப்பகக் குஞ்சா என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் திரும்பி வாருங்கள். அதே படத்து நீல மீனைப் பண்ணையில் பொரிக்க வைத்ததே 2016-இல்தான், ஃப்ளோரிடாவில். அது ஓரடி வளரும் மீன்; இரண்டடிப் பெட்டியில் எப்படித் திரும்பும்?

'லைவ் ராக்' என்று மெல்லிய குரலில் காட்டுவார்கள். பவளப் பாறையும் கடல் குதிரையும் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை, புலி இருக்கிற அட்டவணை அது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டிய காலம் ஒன்று இருந்தது. 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போயின. மிச்சத்தையும் வரவேற்பறை அழகுக்கு எடுத்துவர வேண்டுமா? செயற்கைக் கல்லே போதும், பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது என் தொட்டியில் கல், மணல், உப்புத் தண்ணீர் மட்டும். ஐந்தாவது வாரம். "வெறுந் தண்ணிக்கு லைட்டு போட்டு பாத்துக்கிட்டு இருக்கியளே" என்கிறாள் வீட்டுக்காரி. பேரன் வாரம் ஒருமுறை போனில், "அமோனியா எவ்வளவு தாத்தா?" என்று கேட்கிறான். நேற்று 0.25 என்றேன். "இன்னும் ஆகலை" என்று சொல்லி வைத்துவிட்டான்.