ரயிலடியில் ஒரு நூலகம்

தேர் நிற்குமிடத்தைத் தேரடி என்ற காவிரிப் படுகை மக்கள், புகைவண்டி நிற்குமிடத்தை ரயிலடி என்றனர். நிலையத்தை ஊர் தன்னுடைமையாக்கிக் கொண்டமைக்கு அச்சொல்லே சான்று.

மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே 1926இல் திறக்கப்பெற்ற, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மீட்டர் பாதை 1986இல் மூடப்பட்டது. ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு முதலிய வழியூர்களில் வண்டியோசை அடங்கிற்று. பாதை மீண்டும் வேண்டுமென்னும் கோரிக்கை நியாயமானதே. ஆனால், அதுவரை எஞ்சிய நிலையக் கட்டடங்கள் காத்திருக்குமா? காரை பெயர்ந்த சுவரில் அரசங்கன்று வேரூன்ற ஓரிரு மழைக்காலம் போதும்.

அவற்றைப் பழுதுபார்த்து நூலகமாக்குவதே தக்கது என்பது என் கருத்து. எச்சமயத்தாரும் எக்குலத்தாரும் தயக்கமின்றி நுழைந்து ஒரே பலகையில் அமர்ந்த இடம் அது. (ஆங்கிலேயர் காலத்து நிலையங்களில் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தண்ணீர் தனித்தனியே வழங்கப்பட்டதை மறைப்பதற்கில்லை, ஆயினும் வண்டி ஒன்றே.) அத்தகைய பொதுவிடங்கள் நம் சிற்றூர்களில் எத்தனை உள?

வழியும் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். கிளை நூலகங்கள் பலவோ வாடகைக் கட்டடங்களில் ஒடுங்கிக் கிடக்கின்றன. மாவட்ட நூலக ஆணைக்குழு கேட்டு, ரயில்வே துறை குத்தகைக்கு இசைந்தால் போதும். பாதை மீண்டும் வரும் நாளில் கட்டடத்தைத் திருப்பித் தருவதாகக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.