எச்சில் சோறு எங்கே போகிறது?

மட்டாஞ்சேரியில் வாழும் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களே! ஊசிப்போன சோறும், மீன் செதிலும், பழத்தோலும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு, இரவோடு இரவாகக் கல்வத்தி வாய்க்காலில் விழுகின்றன. போட்டது யார் என்ற பேச்சு எழுந்தால் முதல் விரல் நம் பக்கம்தான் நீளுகிறது: "பாண்டிகள்!" கிட்டங்கியில் மூட்டை சுமக்கவும் துணி வெளுக்கவும் நாம் வேண்டும், ஊர் அழுக்குக்கும் நாமேதான் பொறுப்பா?

பழிக்குப் பதில் இருக்கட்டும். அந்தப் பை எங்கே போகிறது என்று பார்ப்போம். வாய்க்காலில் அழுகும் சோறு நீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. மீன் சாகிறது, கொசு பெருகுகிறது. கடல் ஏறும் நேரத்தில் அதே நீர் நம் வாசலுக்கே திரும்பி வருகிறது.

வண்டியில் ஏறினால் பிரம்மபுரம். 2023 மார்ச் 2 அன்று அங்கே பிடித்த தீயை நாம் மறந்திருக்க மாட்டோம். கடற்படை ஹெலிகாப்டர்கள் நீர் கொட்டியும், பத்து நாளுக்கு மேல் நகரம் புகையைக் குடித்தது. பணக்காரன் சன்னலை அடைத்துக்கொண்டான். கூலிக்காரன் வேலைக்குப் போனான். பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நம் நெஞ்சில் படிந்த புகைக்கு எந்தக் கணக்கு?

எரிந்தது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆனால் பிளாஸ்டிக்கோடு சோற்றையும் கலந்து மலையாகக் குவித்தால், காற்றுப் புகாத அடிவயிற்றில் சோறு அழுகி மீத்தேன் வாயு கிளம்பும். அது எரியும் வாயு. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். சோற்றை உலையில் எரித்துவிடலாமே என்பார்கள் சிலர். முக்கால் பங்கும் தண்ணீரான பொருளை எரிக்க, முதலில் தண்ணீரைக் காய்ச்சத்தான் விறகு செலவாகும்!

அதே மீத்தேனை மூடிய கலத்தில் பிடித்தால் அடுப்பு எரியும். பிரம்மபுரத்தில் நாளொன்றுக்கு 150 டன் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை அமைக்க பாரத் பெட்ரோலியம் முன்வந்தது அந்தத் தீக்குப் பிறகுதான். காற்றுப் புக அடுக்கி மக்கவைத்தால் மீத்தேன் மிகக் குறைவு, உரமும் கிடைக்கும். பக்கத்து ஆலப்புழையைப் பாருங்கள். தங்கள் ஊரில் நகரக் குப்பையைக் கொட்டக் கூடாதென்று சர்வோதயபுரம் மக்கள் மறித்த பிறகு, 2012 முதல் அந்த நகரம் வீட்டுக்கு வீடு குழாய் உரத்தையும் சாண எரிவாயுக் கலம் போன்ற சிறு கலங்களையும் வைத்தது. ஆலை பெரிதாக இருந்தால்தான் தீர்வு என்பது காண்ட்ராக்டர்களின் நியாயம்.

ஆனால் ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் நமக்குக் குழாய் புதைக்க முற்றம் எங்கே? இதைத்தான் மாநகராட்சியிடம் கேட்கிறோம். தேதி தவறாமல் வாடகை வாங்கும் வீட்டுக்காரர்கள் வளவுக்கு ஒரு மக்குத் தொட்டிக்கு இடம் தரட்டும். தொட்டியையும் அதில் தூவும் தென்னை நார்த் துகளையும் மாநகராட்சி தரட்டும். வீடு வீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் நம் சந்துகளுக்குள்ளும் தவறாமல் நுழையட்டும்.

நம் பங்குக்கு இன்றே இரண்டு வாளி: ஒன்றில் சோறு, மற்றதில் பிளாஸ்டிக். வாய்க்கால் ஓரம் குடியிருக்கும் தோழர்கள், பை போடுவது யார் என்று ஒரு வாரம் கண்விழித்துப் பார்த்து, சங்கத்துக்கு எழுதித் தாருங்கள். வார்டு உறுப்பினரைச் சந்திக்கப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோவோம்.