நாய்க்கு வைத்த பெயர்

ஊட்டியைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டு விஷயத்தை விடமாட்டார்கள். ஒன்று, ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதி எழுதிய கதை. இன்னொன்று, சிவப்புக் கோட்டுப் போட்ட துரைகள் குதிரையேறி நாய்க் கூட்டத்தோடு நரி வேட்டைக்குப் போன கதை. ஞாயிற்றுக்கிழமை இணைப்பு, சுற்றுலாப் புத்தகம், எதைப் புரட்டினாலும் அதே ஏக்கம்தான். 'ஆகா, அது ஒரு காலம்!' யாருக்கய்யா அது ஒரு காலம்?

இங்கிலாந்தில் நரியின் மேல் நாயை ஏவிக் கொல்வது நிலக்கிழார்களின் பொழுதுபோக்கு. அதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த நாய் ஃபாக்ஸ்ஹவுண்ட். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். நாய்கள் கப்பலில் வந்தன. அவர்கள் ஊர் நரி இந்த மலையில் இல்லை. அதனாலென்ன, நம்ம ஊர் நரி அகப்பட்டது. சோலைக்குள் பதுங்கியதை நாய்கள் மோப்பம் பிடித்து வெளியே விரட்டும். துரைகளும் துரைசானிகளும் புல்வெளியில் பின்னாலேயே பாய்வார்கள். கடைசியில் நாய்கள் அதைக் கிழிக்கும். தலை கிளப் சுவருக்குப் போகும். இதற்குப் பேர் விளையாட்டு.

அந்தப் புல்வெளி தோடர்களின் எருமை மேய்ந்த நிலம். இப்போது அதன் பேர் வென்லாக் டவுன்ஸ். வென்லாக் 1891 முதல் 1896 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர். ஐந்து வருஷம் இருந்துவிட்டுப் போனவன் பேர் நிலத்தில் ஒட்டிக்கொண்டது. காலங்காலமாக மேய்த்தவன் வைத்த பேரை எந்தச் சுற்றுலா வரைபடத்தில் தேடுவது?

பெயர் விஷயத்தில் வேட்டைக்காரர்கள் ரொம்பக் கறார். வேட்டைத் தலைவரை மாஸ்டர் என்பார்கள். மாஸ்டர்களின் பெயர் வரிசை பத்திரமாக இருக்கிறது. நாய்களுக்கும் அப்படித்தான். இங்கிலாந்தின் பெரிய வேட்டைக் குழுக்கள் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒவ்வொரு நாய்க்கும் பேர், அதன் தகப்பன் பேர், தாய் பேர், எந்தக் கொட்டிலில் பிறந்தது என்று எழுதி வைத்தன. பிறகு அது அச்சுப் புத்தகமாகவே வந்தது. நாய்க்குக் கோத்திரம் இருக்கு! அந்த நாய்க்குக் கஞ்சி காய்ச்சினவன், கொட்டிலைக் கழுவினவன், குதிரைக்குப் புல் அறுத்தவன் பேர் என்ன? ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரர், ஒரு புல்லுக்காரர் என்று ஆள் வைப்பது அன்றைய துரைமார் வழக்கம். 'டாக்பாய்' என்று வேலைக்கே ஒரு பேர் இருந்தது. சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரன் வீட்டு அடுப்படியிலும் லாயத்திலும் நின்றவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். வேட்டை வரலாற்றில் அவர்கள் ஒரு வரிகூட இல்லை.

இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வேறொரு இடத்தில் நம் பேர் இருக்கிறது. கோத்திரம் தெரிந்த நாய் ஃபாக்ஸ்ஹவுண்ட். கோத்திரம் தெரியாமல் தெருவில் திரிகிற நாய்க்கு அவன் வைத்த பேர் 'பரையா டாக்'. குப்பை பொறுக்குகிற பருந்துக்கு 'பரையா கைட்'. நம் சாதிப் பெயரை எடுத்துத்தான் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் செய்தார்கள். அவனுக்குச் சாதி தெரியாது, நாம்தான் சொல்லிக்கொடுத்தோம் என்று நம்மூர் அறிஞர்கள் சிலர் பேசுவதுண்டு. சாதியை அவன் இங்கே வந்து படித்திருக்கலாம். ரத்தச் சுத்தத்துக்குக் கணக்கு எழுதுகிற வித்தை அவனிடம் முன்பே இருந்தது.

இதே ஊட்டியில்தான், வென்லாக் கவர்னராக வந்த அதே 1891-இல், டிசம்பர் 1-ஆம் தேதி, திராவிட மகாஜன சபையின் மாநாடு நடந்தது. கூட்டியவர் நீலகிரியில் வளர்ந்த அயோத்திதாசப் பண்டிதர். பறையன் என்று இழிவாகச் சொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பது அங்கே நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று. துரைகள் தெருநாயை எந்தப் பேரால் விரட்டினார்களோ, அந்தப் பேரின் மேல்தான் நம் ஆட்கள் அதே ஊரில் வழக்குப் போட்டார்கள். நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இரட்டைமலை சீனிவாசன் வேறு வழியில் போனார். 1893-இல் சென்னையில் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பேர் வைத்தார். ஊட்டி வரலாறு என்று வருகிற எந்தப் பளபளப் புத்தகத்திலாவது இதைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்னூக்கர் மட்டும் தவறாமல் வரும்.

துரை வீட்டு வேலைதானே நம்மைச் சேரியிலிருந்து வெளியே கொண்டுவந்தது என்று சில தோழர்கள் கேட்பார்கள். நான் மறுக்கவில்லை. அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்கார துரையிடம் பட்லர். அவர்தான் திருக்குறள் சுவடியை எல்லிஸ் கைக்குப் போக வைத்தார் என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். நாம் அந்த வீடுகளில் வெறும் எடுபிடியாக நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதற்காக அவன் வேட்டையையும் நாம் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டுமா?

1947-க்குப் பிறகும் வேட்டை நிற்கவில்லை. வெலிங்டன் ராணுவக் கல்லூரி அதிகாரிகள் அதே கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். இங்கிலாந்தே 2004-இல் சட்டம் போட்டு நரிமேல் நாய் ஏவுவதைத் தடுத்தது. இங்கே அது இன்னும் பாரம்பரியம், பெருமை!

நாயைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கத்துச் சில கிராமங்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரிக் கடுவன் ஊர்த்தெருப் பெட்டையோடு சேர்ந்துவிடுமாம். கப்பலில் நாய் கொண்டுவந்த துரைக்கு இந்தப் பயம் ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

நீலகிரித் தோழர்கள், மாணவர்கள் கவனத்துக்கு: பழைய தேவாலயப் பதிவேடுகள், எஸ்டேட் கூலிக் கணக்குகள் எங்காவது கிடக்கலாம். அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டிகள். நாய்க் கொட்டிலில் யார் வேலை பார்த்தார்கள், மாசம் என்ன கூலி, எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற மாதிரியே, திருத்தாமல் எழுதி அனுப்புங்கள்.