தண்டனை முடிந்த பின்னும் முடியாதது



"இளைஞர் கைது" என்று பத்திரிகையில் செய்தி வந்தவுடன், "கள்ளன் பிடிபட்டான்" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கைது தீர்ப்பு அல்ல. சந்தேகநபர், குற்றஞ்சாட்டப்பட்டவர், குற்றவாளி ஆகிய மூன்று சொற்களையும் ஒரே பொருளில் எழுதுவது விடைத்தாளில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் பிழையாகும். பொலிசார் சந்தேகத்தின் பேரில் பிடிப்பவர் சந்தேகநபர். நீதிமன்றத்தில் குற்றம் சுமத்தப்பட்டவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். விசாரணையின் முடிவிலோ அவரே ஒப்புக்கொண்டதன் பேரிலோ நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே ஒருவர் குற்றவாளி ஆகின்றார். அதுவரை அவர் சுற்றவாளி என்றே கொள்ளப்பட வேண்டும் என்கிறது எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை.

இந்த மூன்றாவது சொல் ஏன் இவ்வளவு பாரமானது? ஓர் உதாரணம் பார்ப்போம். 20 வயது இளைஞர் ஒருவருக்குக் களவுக் குற்றத்துக்காக ஓராண்டுச் சிறை விதிக்கப்படுகிறது. 21 வயதில் வெளியே வருகிறார். தண்டனை முடிந்துவிட்டதா? தண்டனைச் சட்டக்கோவையின்படி களவுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். 2 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமொன்றுக்காக 6 மாதங்களுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், அதை அனுபவிக்கும் காலத்திலும் அதன் பின் 7 ஆண்டுகளுக்கும் வாக்காளராக இருக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை. ஜனாதிபதியின் முழு மன்னிப்புக் கிடைத்தாலன்றி, அவருக்கு 28 வயதாகும் வரை வாக்குரிமை இல்லை. பாராளுமன்றத் தேர்தலிலும் போட்டியிட முடியாது.

வாக்கு இல்லாமலும் வாழலாம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தொழில் இல்லாமல் எப்படி வாழ்வது? அரசாங்க வேலைக்கான விண்ணப்பப் படிவங்களில், நீதிமன்றத்தால் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டீரா என்ற கேள்வி வழமையாக இருக்கும். வெளிநாடு செல்வதென்றாலும் பொலிஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். ஓராண்டுத் தண்டனையின் நிழல் அதைவிடப் பல மடங்கு நீளமானது.

ஆகவேதான் எங்கள் ஊர்களில் தாராளமாக வழங்கப்படும் ஓர் ஆலோசனையை நான் எதிர்க்கிறேன். "ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வா, அலைச்சல் மிச்சம்" என்பதே அது. ஒப்புக்கொண்டால் வழக்கு முடியும், பதிவு முடியாது. செய்த குற்றத்தை மறைக்கும்படி நான் சொல்லவில்லை. சட்டத்தரணி ஒருவருடன் பேசுவதற்கு முன் அவசரப்படாதீர்கள் என்றே சொல்கிறேன். சட்டத்தரணி மூலம் தன் பக்க நியாயத்தை எடுத்துரைக்கும் உரிமையை 13(3)ஆம் உறுப்புரை தருகிறது. வசதியற்றோருக்கு உதவவென 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழ், ஒருவரின் வயது, நடத்தை, குற்றத்தின் சிறுமை போன்றவற்றைக் கருதி, குற்றத்தீர்ப்பு வழங்காமலே அவரை விடுவிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. இதை அறியாமல் தலையாட்டிவிட்டு வருபவர்கள் எத்தனை பேர்!

இன்னொன்றையும் உங்கள் வயதினருக்குச் சொல்லியாக வேண்டும். "இந்தப் பார்சலை அங்கே கொடுத்துவிடு" என்று எவராவது தந்தால் வாங்காதீர்கள். 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயினும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸ் போதைப்பொருளும் உடைமையில் இருப்பதே மரணதண்டனைக்கோ ஆயுட்சிறைக்கோ உரிய குற்றமாகும். 2 கிராம் என்பது உள்ளங்கையில் பாரமே தெரியாத அளவு.

இனி சமூகத்தின் பங்கைப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைக்குரிய பாரதூரமான குற்றங்களைப் 'பெலனி' என்பர். புளோரிடா மாநிலத்தில் இத்தகைய குற்றத்தீர்ப்புப் பெற்றவர் விசேட மன்னிப்புக் கிடைத்தாலன்றி ஆயுள் முழுவதும் வாக்களிக்க முடியாதிருந்தது. 2018ஆம் ஆண்டில் அம்மாநில வாக்காளர்களில் ஏறத்தாழ 65 வீதத்தினர், கொலை மற்றும் பாலியல் குற்றங்கள் நீங்கலாக, தண்டனையை முடித்தோருக்கு வாக்குரிமையைத் திருப்பிக் கொடுக்கும்படி வாக்களித்தனர். ஆனால் 2019இல் வந்த சட்டமொன்று, நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தையும் கட்டணங்களையும் செலுத்தி முடித்தாலே அவ்வுரிமை கிடைக்கும் என்றது. அதே நாட்டின் மெயின், வெர்மொன்ட் மாநிலங்களிலோ சிறையில் இருப்பவரும் வாக்களிக்கலாம். தண்டனையின் நிழல் எவ்வளவு நீள வேண்டும் என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

சட்டம் 7 ஆண்டுகள் என்று எல்லை வைத்திருக்கிறது. ஊருக்கோ எல்லையே இல்லை. சிறை மீண்டவனுக்குக் கடையில் வேலை இல்லை. அவன் தங்கைக்குப் பேசிய கலியாணம் குழம்புகிறது. அவன் பிள்ளைக்கு வகுப்பில் பட்டப்பெயர். வேலை கொடாமல் விட்டுவிட்டு, அவன் மீண்டும் களவெடுத்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்பது நியாயமா?

மாணவர்களே, குற்றத்தீர்ப்பு எவ்வளவு தூரம் தொடர்ந்து வரும் என்பதை இப்போதே அறிந்து நடவுங்கள். அதேவேளை, தண்டனையை அனுபவித்து முடித்தவர் உங்கள் வீதியால் வரும்போது, நீதிமன்றம் விதிக்காத இன்னொரு தண்டனையை நீங்கள் விதிக்காதீர்கள்.