நோட்டீசில் கையெழுத்து போட்டது யார்?
கமிஷனர் அதிகாரம் கை மாறும் விதம்

சென்னை.

கடை வாசலில் ஒரு நோட்டீசு ஒட்டப்படுகிறது. குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் "சீல்" வைக்கப்படும் என்கிறது. மேலே கமிஷனர் பெயர். கீழே கையெழுத்தோ வேறு ஒருவருடையது!

"என் கடையை மூட இவரு யாரு சார்?" என்று கேட்கிறார் கடைக்காரர். நியாயமான கேள்விதான்.

1919-ம் ஆண்டு சட்டம் சென்னை மாநகராட்சியின் அதிகாரத்தை மாமன்றம், நிலைக்குழு, கமிஷனர் என்று பிரித்து வைத்தது. அதற்குப் பதிலாக வந்த நகர்ப்புற உள்ளாட்சி சட்டம் 1998-ம் ஆண்டுச் சட்டம்; 2023 முதல் அமலில் இருக்கிறது. சட்டம் மாறினாலும் அன்றாட நிர்வாகம் கமிஷனர் கையில்தான். அவரை நியமிப்பது மாநில அரசு.

2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக விரிந்தது. வார்டுகள் 155-ல் இருந்து 200 ஆயின. திருவொற்றியூர் முதல் சோழிங்கநல்லூர் வரை எல்லா காகிதத்திலும் ரிப்பன் மாளிகையில் இருக்கும் ஒருவரே கையெழுத்து போட முடியுமா? நடக்கிற காரியமா? ஆகவே கமிஷனர் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை கீழே உள்ள அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் கொடுக்கிறார். அது தப்பு இல்லை.

வாங்கியவர் கொடுக்கலாமா?

சிக்கல் அடுத்த படியில்தான். அதிகாரத்தை வாங்கிய அதிகாரி, "நீ போய்ப் பாரப்பா" என்று அடுத்தவரிடம் தள்ளிவிட முடியுமா? சட்டம் இடம் கொடுத்தால் ஒழிய முடியாது.

1994-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. சகானி சில்க் மில்சு என்ற கம்பெனிக்கும் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுக்கும் தகராறு. சந்தாவைத் தாமதமாகக் கட்டுகிற கம்பெனிக்குத் தண்டத்தொகை போடும் அதிகாரத்தை டைரக்டர் ஜெனரலுக்கும், "அவர் சொல்லும் வேறு அதிகாரிக்கும்" கொடுத்து கார்ப்பரேஷன் தீர்மானம் போட்டிருந்தது. இரண்டாவது பாதி செல்லாது என்றது கோர்ட்டு. அதிகாரத்தை யார் கையில் கொடுப்பது என்று கார்ப்பரேஷனே முடிவு செய்ய வேண்டும், டைரக்டர் ஜெனரல் விருப்பத்துக்கு விட முடியாது என்பது இதன் பொருள். கீழ் அதிகாரி போட்ட உத்தரவு இதனால் அடிபடும்.

மன்றமே இல்லாத காலம்

சென்னையில் இதைவிடப் பெரிய கைமாற்றமும் நடந்தது. 1973-ல் மாமன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தல் இல்லை. மன்றத்தின் அதிகாரம் தனி அதிகாரி கைக்குப் போனது. கலைத்தால் 6 மாதத்துக்குள் தேர்தல் என்று 74-வது அரசியல் சட்டத் திருத்தம் சொன்ன பிறகும், 2016 முதல் 2022 வரை மறுபடி அதே கதை. தீர்மானம் போடுவதும் அதிகாரி, அதை நிறைவேற்றுவதும் அதிகாரி என்றால் தட்டிக் கேட்பது யார்?

2022-ல் 200 கவுன்சிலர்கள் வந்தார்கள். ஆனாலும் நோட்டீசில் அவர்கள் கையெழுத்து கிடையாது. கடைக்காரர் கவுன்சிலர் வீட்டுக்கு ஓடினால் சிபாரிசுதான் கிடைக்கும்.

கையெழுத்து போட்டவருக்கு அதிகாரம் கொடுத்த உத்தரவின் நகலை, 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டு கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். நோட்டீசில் உள்ள கெடு அதற்காகக் காத்திருக்காது. அதனால் நோட்டீசுக்கான பதிலை முதலில் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொள்வது நல்லது.